மரமஞ்சள் கஷாயம் நுரையீரல் புற்றுநோய் பரவுவதைத் தடுக்குமா? அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

கோவில்பட்டி மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 63 வயது, நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்று, நாலாம் நிலை. முதுகெலும்பில் ஓரிடத்தில் பரவியிருக்கிறது என்றார்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருந்ததால் கீமோ இல்லை, ஜெஃபிட்டினிப் மாத்திரை தினம் ஒன்று. இருமல் நன்றாகக் குறைந்திருக்கிறது, சாப்பிடுகிறார், வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் போகிறது.

அத்தைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் என்ற பொருள் நுரையீரல் புற்றைப் பரவவிடாமல் நிறுத்துவதை ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்துவிட்டார்களாம். மறுநாளே நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வந்து கஷாயம் போட ஆரம்பித்துவிட்டார். நான் பொறுங்கள் என்றால், அப்பா பிழைக்க வேண்டும் என்ற எண்ணமே உனக்கு இல்லையா என்று கேட்கிறார். அப்பாவும் குடித்துப் பார்க்கிறேனே என்கிறார். இந்தச் செய்தி உண்மையா பொய்யா? உண்மை என்றால் எவ்வளவு கொடுக்கலாம்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இரண்டு நாளாக வீட்டில் இதே சண்டை.

செல்கூடம்:

செய்தி பொய் இல்லை அக்கா. சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, 2022-ல் வெளியானது. பெர்பெரினைத் திரவப்படிக நானோ துகள்கள் என்ற மிக நுண்ணிய துகள்களுக்குள் அடைத்து, ஏ549 என்ற நுரையீரல் புற்று செல்களின் மேல் விட்டார்கள். செல்கள் பெருகுவதும் நகர்வதும் குறைந்தது. நல்ல வேலைதான். ஆனால் நடந்தது எல்லாமே கண்ணாடித் தட்டில், மனிதருக்கு யாரும் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் விட்டுப்போனது அந்த ஒரு வரிதான்.

நானும் இதே ஏ549 செல்களை வைத்துத்தான் ஆராய்ச்சி செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 1972-ல் 58 வயது ஆண் ஒருவரின் நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் இவை, இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகின்றன. ஒரு பொருள் பரவலைத் தடுக்கிறதா என்று பார்க்க முதலில் செய்வது கீறல் சோதனை. தட்டின் அடியில் செல்கள் நெருக்கமாகப் படர்ந்ததும் பிப்பெட் என்ற உறிஞ்சுகுழாயின் நுனியால் ஒரு கோடு கீறுவோம், இரண்டு பக்கத்துச் செல்களும் நகர்ந்து வந்து அந்த இடைவெளியை மூட எவ்வளவு நேரம் ஆகிறது என்று படம் எடுப்போம். மருந்து போட்ட தட்டில் மூடவில்லை என்றால் “நகர்வு குறைந்தது” என்று எழுதுவோம். இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து செல்களைக் கொன்றாலும், அவை பிரிந்து பெருகுவதைக் குறைத்தாலும் அந்தக் கோடு மூடாமல்தான் இருக்கும், அதற்கும் நகர்வுக்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். பிரிவதை நிறுத்திவைத்துவிட்டு நகர்வை மட்டும் தனியாக அளந்திருக்கிறார்களா என்பதைத்தான் நாங்கள் முதலில் தேடுவோம். நிறைய கட்டுரைகளில் அது இருக்காது.

அடுத்தது எலி. பெரும்பாலும் வாலில் உள்ள ரத்தக் குழாய் வழியாகப் புற்று செல்களை ஊசியில் ஏற்றிவிட்டு நுரையீரலில் எத்தனை முடிச்சு வருகிறது என்று எண்ணுவார்கள். ஆனால் உண்மையான பரவலில் செல் முதலில் தன் கூட்டத்தை விட்டுக் கழன்று, சுற்றியுள்ள சவ்வை அரித்து, ரத்தக் குழாய்க்குள் நுழைந்தாக வேண்டும். அந்தப் பாதி வேலையை ஊசியே செய்து கொடுத்துவிடுகிறது. தவிர மனித செல்களை ஏற்றும் எலிகளுக்கு எதிர்ப்புச் சக்தியின் முக்கியமான பகுதியே இருக்காது, இருந்தால் அந்தச் செல்கள் தங்காது. எலியில் வேலை செய்தது என்று படிக்கும்போது இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூலிகைப்பிரியன்:

தம்பி நன்றாகத்தான் விளக்குகிறார். ஆனால் எல்லாவற்றையும் தட்டு, எலி என்று தள்ளிக்கொண்டே போனால் நோயாளி எதைத்தான் பிடித்துக்கொள்வார்? மரமஞ்சள் நேற்று வந்ததில்லை. கண் நோய்க்கும் காய்ச்சலுக்கும் ஆறாத புண்ணுக்கும் சித்த மருத்துவத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டது. நம்மிடம் இருப்பதைச் சிட்னிக்காரர்கள் ஒரு பகுதியாவது நிரூபித்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான். கீமோ மருந்துகளிலேயே பல செடியிலிருந்து வந்தவை என்று சொல்கிறார்களே, அதையும் பேச வேண்டாமா? ஒரு மகள் கேட்கிறார், மொத்தமாக வேண்டாம் என்று சொல்லிவிடுவது சுலபம்.

மருந்தாளுநர், மதுரை:

மூலிகைப்பிரியன் ஐயா கேட்பது நியாயமான கேள்வி, யாராவது அதற்கு விரிவாகப் பதில் சொல்லுங்கள். அதற்கு முன் கோவில்பட்டி சகோதரிக்கு அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். புற்றுநோய்ப் பிரிவு மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன்.

கஷாயத்தை இன்றே நிறுத்தி வையுங்கள். காரணம் அது பயனற்றது என்பதல்ல, அது உடம்பில் வேலை செய்கிறது என்பதுதான். ஜெஃபிட்டினிப் மாத்திரை கல்லீரலில் சைப்3ஏ4, சைப்2டி6 என்ற இரண்டு நொதிகளால் உடைக்கப்பட்டு வெளியேறுகிறது. பெர்பெரின் இந்த இரண்டையுமே மந்தமாக்கும். ஆரோக்கியமானவர்களுக்கு 300 மில்லிகிராம் வீதம் மூன்று வேளை, இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. சைப்3ஏ4 வழியாக உடையும் மிடாசோலம் என்ற மருந்தின் அளவு ரத்தத்தில் சுமார் 40 சதவீதம் கூடிப்போனது, சைப்2டி6 அதைவிட மோசமாகத் தடைபட்டது. அப்பா விழுங்குவது ஒரே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் அது ஒன்றரை மாத்திரை மாதிரி நிற்கலாம். வயிற்றுப்போக்கு, தோலில் பரு, கல்லீரல் நொதிகள் ஏறுவது எல்லாம் இந்த மாத்திரைக்கு ஏற்கெனவே உள்ள தொந்தரவுகள், அளவு கூடினால் அவையும் கூடும். டாக்டர் கஷாயத்தைப் பற்றித் தெரியாமல், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டால், நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மருந்து கையைவிட்டுப் போகும். எனக்குப் பெரிய பயம் அதுதான்.

இன்னொன்று சர்க்கரை. பெர்பெரின் ரத்தச் சர்க்கரையை நன்றாகவே இறக்கும், 2008-ல் சீனாவில் செய்த ஒரு சிறிய ஆய்வில் மெட்ஃபார்மின் அளவுக்கே இறக்கியது. அப்பா ஏற்கெனவே மெட்ஃபார்மின் எடுக்கிறார், சாப்பாடு குறைந்த நாளில் இரண்டும் சேர்ந்தால் மயக்கம் வரலாம்.

முதுகெலும்பில் பரவியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்காமலேயே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். முதுகுவலி திடீரென்று கூடினாலோ, கால் மரத்துப்போனாலோ, நடக்கும்போது தடுமாறினாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். தண்டுவடம் அழுத்தப்படுகிறதா என்று பார்த்தாக வேண்டும். கஷாயத்தைவிட வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது இது.

வடமராட்சி:

இலங்கையில் இதே கொடியின் தண்டைச் சிங்களத்தில் வெனிவெல் என்பார்கள், தடிமன் காய்ச்சல் என்றால் கொத்தமல்லியோடு அவித்துக் குடிப்பது இங்கே எல்லா வீட்டிலும் உண்டு, அம்மா இப்போதும் செய்வார். இரண்டு நாள் தடிமனுக்குக் குடிப்பது வேறு, மாதக்கணக்கில் புற்றுநோய் மாத்திரையோடு குடிப்பது வேறு என்று நினைக்கிறேன்.

நீங்கள் வாங்கியது உண்மையில் மரமஞ்சள்தானா என்றும் பாருங்கள் அக்கா. சமையல் மஞ்சளுக்கும் இதற்கும் உறவே இல்லை, இது சீந்தில் குடும்பத்துப் பெருங்கொடி. காட்டில் வெட்டி வெட்டி அருகிப்போன செடி. இமயமலைப் பக்கத்து முள்புதரின் தண்டும் இதே பெயரில் விற்பனைக்கு வருகிறது, அதிலும் பெர்பெரின் உண்டு, ஆனால் அளவு வேறு. எந்தத் தண்டு, எத்தனை வயது, எவ்வளவு நேரம் அவித்தது என்பதைப் பொறுத்து ஒரு குவளைக்கும் இன்னொரு குவளைக்கும் எவ்வளவோ வித்தியாசம் இருக்கும்.

செல்கூடம்:

வடமராட்சி சொன்னது முக்கியம். அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது, வாய்வழியாகப் போகும் பெர்பெரினில் ரத்தத்துக்கு வந்து சேர்வது 1 சதவீதத்துக்கும் குறைவு. குடல் சுவரே உறிஞ்சியதைத் திருப்பி வெளியே தள்ளும், மிச்சத்தைக் கல்லீரல் மாற்றிவிடும். சிட்னியில் நானோ துகளுக்குள் அடைத்ததே இந்தத் தொல்லையைத் தாண்டுவதற்குத்தான். ஆக, செய்தியில் இருக்கும் பொருளும் அத்தை அடுப்பில் வைத்திருக்கும் பொருளும் ஒன்றல்ல. ரத்தத்துக்கு இவ்வளவு குறைவாகப் போனால் ஜெஃபிட்டினிப்பை மட்டும் எப்படிப் பாதிக்கும் என்று யாராவது கேட்கலாம். அந்த நொதிகள் குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கின்றன, பெர்பெரின் நிறைய தங்குவதும் அங்கேதான். நுரையீரல் கட்டிக்குப் போதுமான அளவு போய்ச் சேராமலே, மாத்திரையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்துவிட முடியும்.

மஞ்சள் கதையும் இதேதான். மஞ்சளில் உள்ள குர்குமின் பரவலைத் தடுக்கிறது என்று சொல்லும் தட்டு ஆய்வுகள் ஏராளம், அவற்றில் பெரும்பாலும் 10 முதல் 50 மைக்ரோமோலார் (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு) வரை போடுவார்கள். 2001-ல் தைவானில் நோயாளிகளுக்குத் தினம் 8 கிராம் சுத்தமான குர்குமின் கொடுத்தும் ரத்தத்தில் உச்ச அளவு 2 மைக்ரோமோலாரைக்கூட எட்டவில்லை. மஞ்சள் தூளில் குர்குமின் 3 சதவீதம் அளவில்தான் இருக்கிறது, ஆக 8 கிராமுக்குத் தினம் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள் தூள் தின்ன வேண்டும். மிளகைச் சேர்த்தால் உறிஞ்சுதல் கூடும் என்பது உண்மை, 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் காட்டினார்கள், 20 மடங்கு. ஆனால் மிளகில் உள்ள பைபரின் என்ற பொருள் அதைச் செய்வதே கல்லீரலும் குடலும் குர்குமினை மாற்றி வெளியேற்றுவதை முடக்கித்தான், அதோடு சைப்3ஏ4 நொதியையும் அது மந்தமாக்கலாம். மருந்தாளுநர் சார் சொன்ன ஆபத்து அங்கேயும் வந்து நிற்கிறது.

மூலிகைப்பிரியன்:

சரி, உறிஞ்சுதல் பிரச்சினை புரிகிறது. ஆனால் செடியிலிருந்து வந்து நுரையீரல் புற்றில் நிஜமாகவே வேலை செய்த மருந்து உண்டா இல்லையா, அதை யாரும் சொல்லவில்லையே.

இரண்டாம் நிலை:

நான் சொல்கிறேன் ஐயா, எனக்கே அது ஏறியது. இடது நுரையீரலில் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டு, ஒரு நிணநீர் முடிச்சில் செல்கள் இருந்ததால் அறுவைக்குப் பிறகு சிஸ்பிளாட்டின், வினோரெல்பைன் என்ற இரண்டு கீமோ மருந்துகளைக் கொடுத்தார்கள். வினோரெல்பைன் நம்ம ஊர் நித்தியகல்யாணிச் செடியின் பொருளிலிருந்து செய்தது என்று நர்ஸ் சொன்னபோது நம்பவே இல்லை, எங்கள் தெருவோரத்தில் ஊதாவாகவும் வெள்ளையாகவும் பூத்துக் கிடக்கும் செடி. லேசாக இறங்கிய மருந்து என்று நினைக்காதீர்கள். மருந்து ஏறிய ரத்தக் குழாய் எரிந்து கறுத்துப்போனது, மலச்சிக்கலில் தவித்தேன், வெள்ளையணு இறங்கி ஒரு சுற்றைத் தள்ளிப்போட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன், ஸ்கேனில் ஒன்றும் இல்லை.

செல்கூடம்:

அக்காவோ அண்ணாவோ தெரியவில்லை, இதை எழுதியதற்கு நன்றி. மூலிகைப்பிரியன் ஐயா கேட்டதற்கு நேரான பதில் இதுதான். 1950களில் ஜமைக்காவில் இந்தச் செடியின் இலையைச் சர்க்கரை நோய்க்கு அவித்துக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை இறங்கவில்லை. ஆனால் ஊசியில் சாறு ஏற்றிய எலிகள் கிருமித் தொற்றில் செத்தன, பார்த்தால் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கும் பொருள் ரத்தப் புற்றுக்கு உதவலாமே என்று தேடி, சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார். அதே குடும்பத்து வினோரெல்பைனைப் பிரான்சில் பியர் போட்டியே குழு பின்னால் உருவாக்கியது, 1994 இறுதியில் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுக்கு அனுமதி கிடைத்தது.

பரவலுக்கு வருவோம். அறுவை முடிந்தும் கண்ணுக்குத் தெரியாத செல்கள் உடம்பில் எங்காவது உட்கார்ந்திருக்கலாம், அவைதான் பின்னால் மூளையிலும் எலும்பிலும் முளைக்கும். கனடா தலைமையில் நடந்த சோதனையில் 482 பேரில் பாதிப் பேருக்கு அறுவைக்குப் பின் வினோரெல்பைனும் சிஸ்பிளாட்டினும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு அறுவை மட்டும். ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 69 சதவீதம், பெறாதவர்களில் 54 சதவீதம். 2005-ல் வெளியானது. எனக்கு இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் மனசு நிறையும். செடிப்பொருள் பரவலைத் தடுத்தது என்று தைரியமாகச் சொல்ல முடிகிற இடம் இதுதான். எடோபோசைடும் இருக்கிறது, போடோபில்லம் என்ற செடியின் வேரில் கிடைக்கும் பொருளை மாற்றிச் செய்தது, சிறு செல் வகை நுரையீரல் புற்றுக்கு. பாக்ளிடாக்செல் பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது. ஆனால் இதில் எதையும் யாரும் இலையாகவோ பட்டையாகவோ அவித்துக் குடித்துக் குணமாகவில்லை. நித்தியகல்யாணி இலையை யாரும் தயவுசெய்து அவித்துக் குடித்துவிடாதீர்கள், அது விஷம்.

கரிசல்காடு:

நாங்கள் இந்தப் பக்கம் நித்தியகல்யாணி பயிர் செய்திருக்கிறோம். மானாவாரிக்கு ஏற்ற பயிர், ஆடு மாடு வாய் வைக்காது என்பதால் வேலி கூட வேண்டாம். இரண்டு தடவை இலை உருவுவோம், வருடக் கடைசியில் வேரோடு பிடுங்கிக் காயப்போட்டு வியாபாரியிடம் கொடுத்துவிடுவோம். இலை புற்றுநோய் மருந்துக்குப் போகிறது என்று சொல்வார்கள், எந்த மருந்து யாருக்கு என்று இன்றைக்குத்தான் படிக்கிறேன். இரண்டாம் நிலை அவர்களே, நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இப்போது ஈஸ்ட்டிலேயே இதைத் தயாரிக்கிறார்களாம், உண்மையா?

செல்கூடம்:

உண்மைதான் அண்ணா, டென்மார்க்கைச் சேர்ந்த குழு 2022-ல் ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்டினுக்கு வேண்டிய இரண்டு மூலப்பொருள்களை அதற்குள் உருவாக்கி, பிறகு இரண்டையும் வேதிமுறையில் இணைத்துக் காட்டியது. கிடைத்தது மிகச் சிறிய அளவு. இலையில் இந்த மருந்து அவ்வளவு குறைவு, 1 கிராமுக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும், அதனால்தான் வேறு வழி தேடுகிறார்கள்.

மூலிகைப்பிரியன்:

இந்த நித்தியகல்யாணி விவரம் எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், மாத்திரையோடு மோதாத, உடம்புக்குத் தெம்பு தரும் ஆக்சிஜனேற்றத் தடுப்பான் (ஆன்டிஆக்சிடன்ட்) மாதிரி ஏதாவது கொடுத்தால் என்ன கெட்டுவிடும்? நல்லது நடக்காவிட்டாலும் கெடுதல் இல்லையே.

மருந்தாளுநர், மதுரை:

ஐயா, நுரையீரல் விஷயத்தில் அந்த நம்பிக்கைதான் ஒருமுறை மோசமாகப் போனது. காரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் புற்றைத் தடுக்கும் என்று எல்லோரும் நம்பிய காலம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்துப் பெரிய சோதனை நடத்தினார்கள். 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. அமெரிக்காவில் 18,000 பேருக்கு மேல் வைத்து நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் அதிகம், 1996 ஜனவரியில் பாதியில் நிறுத்தினார்கள். காரட் சாப்பிட்டதால் இல்லை, அந்தப் பொருளைத் தனியாக மாத்திரையாகக் கொடுத்ததால்.

செல்கூடம்:

பரவலிலேயே நேரடியாக இப்படி ஒன்று உண்டு. 2019-ல் ஸ்வீடனிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டின. புற்று செல் ரத்தத்தில் பயணம் போகும்போது ஆக்சிஜனேற்ற அழுத்தத்தில் திணறும், நிறைய செல்கள் அதிலேயே சாகும். அந்த அழுத்தம் குறைந்தால் பாக்1 என்ற புரதம் சிதையாமல் தங்கி, செல்லை இன்னும் வேகமாக ஊடுருவ வைக்கிறது. ஸ்வீடனில் எலிகளுக்கு வைட்டமின் ஈ, அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பான்களைக் கொடுத்தபோது நுரையீரல் கட்டி அதிகமாகப் பரவியது. இதுவும் எலிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கெடுதல் இருக்காது என்று மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது.

பெர்பெரினை நான் வெறுக்கவில்லை, யாரும் அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். சீனாவில் பெருங்குடலில் பாலிப் என்ற சதை வளர்ச்சியை எடுத்தவர்களுக்கு 0.3 கிராம் வீதம் இரண்டு வேளை கொடுத்து, பாதிப் பேருக்குப் போலி மாத்திரை கொடுத்து, 1,108 பேரில் முறையாகப் பார்த்தார்கள். பாலிப் திரும்ப வந்தது பெர்பெரின் குழுவில் 36 சதவீதம், போலி மாத்திரையில் 47. 2020-ல் வந்தது. குடலுக்குள்ளேயே தங்கும் பொருள் குடலில் வேலை செய்திருக்கிறது, பொருத்தமாகவும் இருக்கிறது. நுரையீரலுக்கும் இப்படி ஒரு சோதனை நடக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன்.

கோவில்பட்டி மகள்:

எல்லோருக்கும் நன்றி, முழுக்க அத்தைக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். இன்று செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு, அந்தப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு போனோம். டாக்டர் கோபப்படவில்லை. எத்தனை நாள் குடித்தார், எவ்வளவு என்று அத்தையிடமே கேட்டுக் கோப்பில் எழுதிக்கொண்டார், கல்லீரல் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். கஷாயம் நிறுத்தியாகிவிட்டது. ரசத்தில் மிளகும் குழம்பில் மஞ்சளும் வழக்கம்போலப் போடலாமாம், காப்ஸ்யூலாக எதுவும் வேண்டாம் என்றார். அத்தை கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று பாக்கி: முகத்திலும் முதுகிலும் பரு மாதிரி வந்து அரிக்கிறது, அதற்கு மஞ்சளை அரைத்துப் பூசலாமா?

மருந்தாளுநர், மதுரை:

நல்ல வேலை செய்தீர்கள் சகோதரி, அத்தையைக் கூட்டிப்போனது அதைவிட நல்லது. அந்தப் பரு ஜெஃபிட்டினிப்பால் வருவது, முகப்பரு இல்லை, அதற்கான கடை கிரீம் போட்டால் காய்ந்து வெடிக்கும். மஞ்சள் அரைத்துப் பூசுவதும் உலர்ந்த தோலை எரிக்கும், வேண்டாம். வாசனை இல்லாத ஈரப்பதக் கிரீமைக் குளித்ததும் தடவுங்கள், சோப்பைக் குறையுங்கள், வெயிலில் உட்கார விடாதீர்கள். சீழ் வைத்தாலோ தூக்கம் கெடும் அளவுக்கு அரித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு மாத்திரையும் பூசும் மருந்தும் இருக்கிறது. ஜெஃபிட்டினிப்பை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். கல்லீரல் ரிப்போர்ட் வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.